எந்த ஊரு? எந்தத் தெரு?

உலகத்தையே வினாத்தாளாக்கிய விளையாட்டு ஒன்று நம்ம விடுதிகள் வரைக்கும் வந்துவிட்டது. பெயர் ஜியோகெஸ்ஸர். 2013-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டன் வாலேன் என்பவர் உருவாக்கியது. கூகுள் கம்பெனியின் கேமரா வண்டி தெருத்தெருவாகப் போய் எடுத்த படங்களில் ஏதோ ஒன்றை உன் முன்னால் போடுவார்கள். நீ நடுரோட்டில் நிற்கிறாய். சுற்றிலும் பார்க்கலாம். எந்த நாடு, எந்தப் பகுதி என்று கண்டுபிடித்து உலக வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். சரியான இடத்துக்கு எவ்வளவு கிட்ட வைக்கிறாயோ அவ்வளவு மார்க். சுற்றுக்கு 5,000. ஐந்து சுற்றுக்கு 25,000. 2023-இல் ஸ்டாக்ஹோமில் இதற்கு உலகக்கோப்பைப் போட்டியே நடத்தினார்கள்.

விளையாடுகிறவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் பூமத்திய ரேகைக்கு வடக்கா தெற்கா என்கிறான். வண்டி இடப்பக்கம் போகுதா வலப்பக்கம் போகுதா, கரண்டு கம்பம் மரமா சிமெண்டா, சாலையோரக் குத்துக்கல்லுக்கு எந்த வண்ணம், கடைப் பலகையில் எந்த எழுத்து, மண்ணு சிவப்பா கறுப்பா - இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறான். அரை நிமிஷத்தில் நாட்டைச் சொல்கிறான். இப்போது மனிதனும் தேவையில்லை. 2023-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் 'பிஜியன்' என்றொரு கணினி மூளையைச் செய்தார்கள். தெருப்படம் ஒன்றைக் காட்டினால் பத்துக்கு ஒன்பது முறைக்கு மேல் நாட்டைச் சரியாகச் சொல்லிவிடுகிறது. பேர் வாங்கிய ஆட்டக்காரர் ஒருவரையே அது தோற்கடித்தது.

சரி, இதுக்கும் நமக்கும் என்னா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது தோழர்களே. தெருவைப் பார்த்து இடத்தைப் படிக்கிற வித்தை இது. இந்த நாட்டில் அந்த வித்தையைப் பிழைப்புக்காகக் கற்றவன் யார், கற்க வைத்தவன் யார், அந்த வித்தைக்கு எதை மட்டும் பார்க்கத் தெரியவில்லை என்பதைப் பேசியாக வேண்டும்.

1

நம்ம பக்கத்தையே ஒரு சுற்றாக வைத்துப் பார்ப்போம். பழைய 45-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. எண்ணை மாற்றிவிட்டார்கள், சனங்க வாயில் இன்னும் ஜிஎஸ்டி ரோடுதான். கண்ணைக் கட்டி உன்னை அங்கே இறக்கிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?

பலகையில் தமிழ். அப்படியானால் தமிழ்நாடு அல்லது புதுச்சேரி, இல்லை ஈழம். வண்டியின் எண் பலகையைக் கேமராக்காரன் மங்கலாக்கிவிடுவான். மங்கலாக்காத ஒன்று உண்டு. கடைப் பலகையில் எழுதின போன் நம்பர். 04146 என்றால் விழுப்புரம். 04147 என்றால் திண்டிவனம். 04145 என்றால் செஞ்சி. 0413 வந்துவிட்டால் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டாய். வரிசையாகச் சாராயக்கடை வந்தாலும் அதே பதில்தான். பஸ்ஸின் பக்கவாட்டில் 'விழுப்புரம்' என்று கோட்டத்தின் பெயர் இருக்கும். பாறைக்கு மேல் பாறை அடுக்கின குன்று தெரிந்தால் செஞ்சி. உப்பளமும் சவுக்குத் தோப்பும் தெரிந்தால் மரக்காணம். செக்கச்சிவந்த மண்ணு பிளந்து கிடந்தால் வானூர், திருவக்கரை. கரும்பு லாரி வரிசையாக நின்றால் முண்டியம்பாக்கம்.

இவ்வளவு தெரிந்தால் அந்த ஆட்டத்தில் நீ கெட்டிக்காரன். ஆனால் பஸ்ஸின் பக்கவாட்டில் இருக்கிற அந்தப் பெயரை இன்னொரு முறை பார். 'விழுப்புரம்' என்று ஏன் எழுதியிருக்கிறது? 1997 வரை அங்கே 'தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருந்தது. இந்த மாவட்டத்துக்கே அப்போது 'விழுப்புரம் இராமசாமிப் படையாட்சியார் மாவட்டம்' என்று பெயர். கடலூர்ப் பக்கம் 'தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம்'. இந்தப் பெயர்கள் எல்லாம் எங்கே போயின?

1997-இல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். தேவேந்திரர் ஒருவரின் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதிக்காரர்கள் கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. அரசாங்கம் ஏறமாட்டேன் என்றவனைத் தண்டிக்கவில்லை. பெயரை அழித்தது. அந்த ஒரு பெயரை மட்டும் அழித்தால் அசிங்கம் என்று எல்லாத் தலைவர்களின் பெயரையும் மொத்தமாக அழித்தது. பெரியார் போனார், வள்ளலார் போனார், படையாட்சியாரும் போனார். ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சியது. சமத்துவமாம் அது!

இன்றைக்கு நம்ம ஊர் பஸ்ஸைப் பார்த்து 'ஆ, விழுப்புரம்!' என்று புள்ளி வைக்கிற ஆட்டக்காரனுக்கு இந்தக் கதை தெரியாது. அவன் படிக்கிற எழுத்து, ஒரு பள்ளன் பெயரைத் தாங்க மாட்டாத சமூகம் விட்டுவைத்த மிச்சம். தெருவில் தெரிகிற ஒவ்வொரு அடையாளத்துக்குப் பின்னாலும் இப்படி ஒரு அழிப்பு இருக்கிறது. விளையாட்டு அடையாளத்தைக் கேட்கும். அழிப்பைக் கேட்காது.

2

இப்போது மார்க் கணக்குக்கு வருவோம். உலக வரைபடத்தில் அரை கிலோமீட்டர் தள்ளிப் புள்ளி வைத்தால் எவ்வளவு குறையும்? ஐயாயிரத்தில் ஒன்றிரண்டு மார்க். அதாவது ஏறக்குறைய முழு மார்க்.

அந்த அரை கிலோமீட்டரில்தான் தோழர்களே நாம் இருக்கிறோம்.

திண்டிவனத்திலிருந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போங்கள். ஊர் இருக்கும். பிறகு வயல் வரும், ஏரிக்கரை வரும், இல்லாவிட்டால் ஒரு ஓடை, ஒரு தோப்பு. அதற்கப்புறம் சேரி இருக்கும். திசை ஊருக்கு ஊர் மாறும், இடைவெளி மாறாது. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். கூரைகள் இரண்டு கொத்தாகத் தெரியும். நடுவில் பச்சையாக ஒரு வெற்றிடம். அதுதான் இந்த நாட்டின் உண்மையான எல்லைக்கோடு. தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் நடுவில் இருக்கிற எல்லையை ஒரு தெலுங்கன் பஸ் ஏறித் தாண்டிவிடுவான். பாஸ்போர்ட்டு இருந்தால் ஸ்வீடனுக்கே போய்விடலாம். இந்த அரை கிலோமீட்டரைப் பிணமாகக்கூட நம்மால் தாண்ட முடியவில்லை. பாடையைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெரு வழியாகப் போனால் மறிக்கிறான். வரப்பில் இறங்கிச் சேற்றில் நடந்து போய் புதைக்கிறோம்.

இந்தியக் கிராமம் என்பது ஒன்றல்ல, தீண்டத்தக்கவனின் குடியிருப்பும் தீண்டப்படாதவனின் குடியிருப்பும் சேர்ந்த இரண்டு என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் நின்று, கிராமத்தைத் தூக்கிக் கொண்டாடியவர்களை அவர் வறுத்தெடுத்ததும் இதனால்தான். ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் கிராமம் ஒன்றுதான். வருவாய்க் கிராமத்துக்கு ஊரின் பெயர். நெடுஞ்சாலைப் பலகையில் ஊரின் பெயர். பஸ் நிறுத்தத்துக்கு ஊரின் பெயர். நமக்கு ஒரு வால் மட்டும் - 'காலனி'. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர் நாம். கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 29 பேர். இத்தனை சனம் சொந்தப் பெயரில்லாமல் வேற்று ஊரின் வாலாக வாழ்கிறது.

ஆகவே சேரியின் படத்தைப் போட்டாலும் அந்த ஆட்டத்தின் சரியான விடை ஊரின் பெயர்தான். சேரியைப் பார்த்து 'ஊர்' என்று சொன்னவனுக்கு முழு மார்க் கொடுக்கிற பரீட்சை இது. அந்தப் பரீட்சையை ஸ்வீடன்காரன் கண்டுபிடிக்கவில்லை. ரெவின்யூ டிபார்ட்மெண்டு எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

3

தெருவைப் படிக்கிற வித்தையில் நம்ம ஆளுக்கு மேல் எவனும் இல்லை. வேலை தேடிப் போகிற கூலிக்காரன், பெண் பார்க்கப் போகிற குடும்பம், தீண்டாமைக் கொடுமை நடந்தது என்று கேள்விப்பட்டு உண்மை அறியப் போகிற இயக்கத் தோழன் - தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினவுடனே இவன் கண் என்ன செய்கிறது?

முதலில் கொடிக்கம்பம். எத்தனை கம்பம், என்னென்ன வண்ணம், எது உயரம். அக்கினிகலசம் வரைந்த மேடை எந்தப் பக்கம், நீலமும் சிவப்புமாக வண்ணம் அடித்த கம்பம் எந்தப் பக்கம். அப்புறம் சுவரொட்டி. காதணி விழாவா, கண்ணீர் அஞ்சலியா, அதில் எவன் படம், அவன் பெயருக்குப் பின்னால் என்ன வால். சங்கத்துப் பெயர்ப்பலகை. தண்ணித்தொட்டி ஒன்றா இரண்டா. இரண்டு என்றால் புரிந்துகொள். தார்ரோடு எந்த இடத்தில் நின்று மண்ரோடு ஆகிறது. சாமி தேர் திரும்புகிற முனை எது. டீக்கடையில் கிளாசா, பேப்பர் கப்பா, யார் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், யார் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

கடைசியாகச் சிலை. கோட்டு போட்டு, கையில் அரசியல் சட்டத்தோடு விரல் நீட்டி நிற்கிற அண்ணல். சுற்றிலும் இரும்புக் கூண்டு. உலகத்தில் எந்த நாட்டில் அரசியல் சட்டம் எழுதினவனைக் கூண்டுக்குள் வைத்திருக்கிறான்? கூண்டைப் பார்த்தால் போதும், பலகை, போன் நம்பர், மண்ணின் நிறம் ஒன்றும் வேண்டாம். தமிழ்நாடு என்று கண்ணை மூடிப் புள்ளி வைக்கலாம். குத்துக்கல் வண்ணத்தை மனப்பாடம் செய்கிற ஆட்டக்காரர்களுக்கு நாம் இலவசமாகத் தருகிற துப்பு இது.

அரை நிமிஷத்தில் நாட்டைச் சொல்கிறான் என்று ஆச்சரியப்படுகிறோமே, நம்ம ஆயா அதற்குள் அந்த ஊரில் எந்தத் திண்ணையில் உட்காரலாம், எங்கே தண்ணி கேட்கலாம், எங்கே கேட்கக்கூடாது என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு உலகக்கோப்பை யார் கொடுத்தான்? அவன் தப்பாகச் சொன்னால் மார்க் குறையும். இவள் தப்பாகப் படித்தால் அடி விழும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதில் நாம் ஆட்டக்காரர்கள் இல்லை, நாம்தான் படம். ஆதிக்கச் சாதிக்காரன் எதிரில் உட்கார்ந்து நம்மைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

"தம்பி எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம்."

"திண்டிவனத்துல எங்க?"

ஊர்ப்பெயரைச் சொல்கிறோம்.

"அங்க எந்தத் தெரு? கோயிலுக்கு எந்தாண்ட?"

சென்னையில் வாடகைக்கு வீடு கேட்கப் போனாலும் இதே கேள்வி. கல்லூரியில் சேர்ந்த முதல் நாளும் இதே கேள்வி. நேராகச் சாதி கேட்டால் நாகரிகம் இல்லையாம். அதனால் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே வருகிறான். மாவட்டம், வட்டம், ஊர், தெரு - புள்ளி விழுந்துவிட்டது. அப்பன் பெயர் என்ன, குலதெய்வம் எது, கறி தின்பீங்களா - இதெல்லாம் அவனுக்கு உதவித் துப்புகள். பள்ளிக்கூடத்தில் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளே ஆடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டின பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது. ஏன்? கயிறு என்பது மணிக்கட்டில் கட்டின பெயர்ப்பலகை.

நாட்டைக் கண்டுபிடிப்பதைத் திறமை என்கிறார்கள். சாதியைக் கண்டுபிடிப்பதைப் பழக்கவழக்கம் என்கிறார்கள். இரண்டும் ஒரே கண்தான்.

4

கேமரா வண்டி எங்கே போகிறது என்பதும் அரசியல்தான். 2011-இல் பெங்களூரில் தெருவைப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். போலீஸ் நிறுத்தியது. 2016-இல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. தேசப் பாதுகாப்பு என்றார்கள். 2021 பிப்ரவரியில் விதிகளை மாற்றி, தெருப்படம் எடுக்கும் வேலையை இந்தியக் கம்பெனிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். 2022 ஜூலை 27 அன்று ஜெனிசிஸ், டெக் மகேந்திரா என்ற இரண்டு இந்தியக் கம்பெனிகளோடு கூட்டு வைத்து, சென்னை உள்பட பத்து நகரங்களில் கூகுள் திறந்தது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் சாலை என்று கணக்குச் சொன்னார்கள்.

தேசத்தின் இரகசியம் தெருப்படத்தில் வெளியே தெரிந்துவிடும் என்று பத்து வருஷத்துக்கு மேல் பயந்தார்கள் பாருங்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தத் தேசத்தின் பெரிய இரகசியம் தெருவில்தான் கிடக்கிறது. ஆனால் அவர்கள் பயந்தது இராணுவ முகாமுக்கு. இரட்டைச் சுடுகாட்டுக்கு அல்ல.

வண்டி, வண்டி போகிற தடத்தில்தான் போகும். நாலுவழிச்சாலையில் போகும், கடைவீதியில் போகும், தேரடித்தெருவில் போகும். தார்ரோடு முடிகிற இடத்தில் திரும்பிவிடும். தேரும் அங்கேதான் திரும்புகிறது. சாமி திரும்புகிற இடத்தில் கேமராவும் திரும்புகிறது என்றால் இரண்டுக்கும் ரோடு போட்டவன் ஒருவனே என்று அர்த்தம். கேமராவுக்குச் சாதி கிடையாது, சரி. ரோட்டுக்கு இருக்கிறதே!

இதற்கு முன்னாலும் நம்ம ஊரைப் பார்க்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதில் ஒரு ஊர் நம்ம பக்கத்து இருவேல்பட்டு. அதே ஊருக்கு 1936-37-இலும் பிற்பாடும் ஆராய்ச்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு மேட்டுப் பார்வை இருந்தது, அதை விமர்சிக்கலாம். ஆனால் நடந்து போனவனுக்குச் சேரி தெரியாமல் போகாது. யாருக்கு நிலம், யாருக்குக் கடன், யார் யாரிடம் கூலி என்று கேட்டாக வேண்டும். வண்டியில் போகிறவனுக்குக் கேட்க வாயே கிடையாது.

மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் ஊருக்கும் தலித் பகுதிக்கும் நடுவில் சுவர் நின்றது. போராட்டத்துக்குப் பிறகு 2008 மே மாதம் ஒரு பகுதியை இடித்தார்கள். அதற்கு முன் அந்த வழியாகக் கேமரா வண்டி போயிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒரு சுவர். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து 17 தலித்துகள் செத்தார்கள். முந்தின நாள் படம் எடுத்திருந்தால்? அதுவும் ஒரு சுவர். கல்லு, சிமெண்டு, உயரம் எல்லாம் படத்தில் இருக்கும். யாரை மறைக்கக் கட்டினான் என்பது இருக்காது.

ஜெர்மனியில் ஒரு கூத்து நடந்தது. 2010-இல் அங்கே தெருப்படம் வந்தபோது 'எங்க வீட்டைக் காட்டாதே' என்று ஏறக்குறைய 2,44,000 குடும்பங்கள் எழுதிக் கொடுத்தன. கம்பெனி அத்தனை வீட்டையும் மங்கலாக்கிக் கொடுத்தது. கேட்டவனுக்கு மங்கல் கிடைத்தது, அது உரிமை. நாம் கேட்கவே இல்லை. நம்மை மங்கலாக்கி வைத்திருக்கிறார்கள். அது என்ன?

5

மறுப்பு வரும். நம்ம தோழர்களிடமிருந்தே வரும்.

ஒன்று: 'விளையாட்டை விளையாட்டாகப் பாருங்கப்பா.' பார்க்கலாம். குப்பையும் புழுதியும் குடிசையும் தெரிந்தால் 'இந்தியா' என்று சிரித்துக்கொண்டே புள்ளி வைக்கிறானே, அதையும் விளையாட்டாகப் பார்க்கலாமா? 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி போட்டான். ஆளைப் பிடித்து நிற்க வைத்து மூக்கை அளந்தான். அளவை வைத்து இனம் பிரித்தான். அன்றைக்கு மூக்கு, இன்றைக்குக் கூரை. நம்ம வறுமை இன்னொருத்தனுக்கு அடையாளக்குறி ஆகும்போது, அந்த வறுமையை உண்டாக்கினவன் யார் என்ற கேள்வி செத்துப்போகிறது.

இரண்டு: 'சேரியை வரைபடத்தில் காட்டினால் கொளுத்த வருகிறவனுக்கு வழி காட்டினது போல ஆகாதா?' இது பயத்திலிருந்து வருகிற கேள்வி. நம்ம சனங்க பட்ட பாட்டிலிருந்து வருகிறது, மதித்துப் பதில் சொல்ல வேண்டும். 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்திலேயே 12 தலித்துகளைக் கொன்றார்கள். கொன்றவன் கையில் என்ன வரைபடம் இருந்தது? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று இடத்திலும் வீடு வீடாக நுழைந்து பீரோவை உடைத்துக் கொளுத்தினார்கள். வழி கேட்டா வந்தார்கள்? ஊர்க்காரனுக்குச் சேரி எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரியும். அங்கே தள்ளி வைத்தவனே அவன்தான். நாம் மறைந்திருப்பது அவனிடமிருந்து நம்மைக் காப்பாற்றவில்லை. உலகத்தின் கண்ணிலிருந்து அவனைத்தான் காப்பாற்றுகிறது.

மூன்று: 'காலனி என்ற சொல்லையே எடுத்துவிட்டார்களே, சாதிப் பெயரை எல்லாம் அழிக்கிறார்களே, நீங்க ஏன் திரும்ப எழுதச் சொல்றீங்க?' ஆமாம். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் பெயர்களிலுள்ள சாதியை நீக்க அரசாணை வந்தது. வரவேற்கிறோம். இழிவைச் சுமக்கிற பெயர் போகட்டும். ஆனால் 1997 பாடத்தை மறக்க முடியாது. பெயரை அழிப்பது அரசாங்கத்துக்கு ரொம்ப லேசான வேலை. பலகையில் வண்ணம் அடித்தால் முடிந்தது. அரை கிலோமீட்டரை அழிப்பார்களா? சுடுகாட்டை ஒன்றாக்குவார்களா? ஊர்த்தெரு வழியாகப் பிணம் போகுமா?

மேல்பாதியைப் பாருங்கள். விழுப்புரத்துக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது. 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்களை அடித்து விரட்டினார்கள். அரசு என்ன செய்தது? 2023 ஜூன் 7 அன்று கோயிலையே பூட்டிச் சீல் வைத்தது. 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் திறந்தது, சனங்களுக்கு அல்ல. 2025 ஏப்ரலில் நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் பாதுகாப்போடும்தான் நம் மக்கள் உள்ளே போக முடிந்தது. அந்தக் கோயில் வாசலை ஒரு கேமரா படம் எடுத்தால் தெரிவது கதவு. அந்தக் கதவு யாருக்குத் திறந்தது, யாருக்காகப் பூட்டினது, எத்தனை போலீஸ் நின்றால் திறக்கிறது - இதைச் சொல்லாத வரைபடம் எதற்கு?

சேரி என்பது இழிவு இல்லை. சேர்ந்து வாழ்கிற இடம் சேரி. இழிவு அந்த இடைவெளியில் இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டு இடைவெளியை விட்டுவைத்தால், நாளைக்குக் குற்றத்தைக் காட்டச் சொல் கூட நமக்கு இருக்காது.

6

அப்படியானால் என்ன செய்வது? கேமரா வண்டியே, எங்க தெருவுக்கும் வா என்று மனு போடுவதா? அதற்கு இந்தப் பத்திரிகை தேவையில்லை.

விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளில் படிக்கிற மாணவர்களே, உங்கள் கையில் இருக்கிற போனில் கேமரா இருக்கிறது, நிற்கிற இடத்தின் குறியீடும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சேர்க்கலாம் என்று 2004-இலிருந்து நடக்கிற ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம் இருக்கிறது. முதலில் காகிதத்திலேயே தொடங்கலாம். ஒரு விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய் ஊரிலிருந்து சேரிக்கு நடந்து பாருங்கள். எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். தார் எங்கே நிற்கிறது, தெருவிளக்கு எந்தக் கம்பத்தோடு நிற்கிறது, குழாய்த்தண்ணி எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். சுடுகாட்டுக்குப் பாதை உண்டா, மழையில் எவ்வளவு தண்ணி நிற்கிறது என்று குறியுங்கள். அக்காள் தங்கச்சிகளைக் கேளுங்கள். விடியற்காலையில் ஒதுங்கப் போகிற பாதை, ராத்திரி ட்யூஷன் முடிந்து தனியாக வரப் பயப்படுகிற திருப்பம் - இதெல்லாம் ஆண்பிள்ளை வரைகிற படத்தில் வராது.

அடுத்தது நிலம். 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமையை அரசுக்கு எழுதினார். குடியிருக்கிற மனைகூட மிராசுதாரன் தயவில்தான் என்று காட்டினார். அதிலிருந்து 1892-இல் பஞ்சமி நிலம் பிறந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று கணக்கு. இன்றைக்கு அதில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு தோழர்கள் உயிரைக் கொடுத்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு 'அ' பதிவேட்டையும் நிலஅளவைப் படத்தையும் வாங்குங்கள். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் நில்லுங்கள். என்ன தெரிகிறது? ரைஸ் மில்லா, கல்யாண மண்டபமா, பிளாட் போட்டு நட்ட மஞ்சள் கல்லா? படம் எடுங்கள், தேதி போடுங்கள். இந்தப் படத்தைப் பார்த்து எந்த இடம் என்று கலெக்டர் சொல்லட்டும். ஐந்து சுற்று வேண்டாம், ஒரு சுற்று போதும்.

இதில் ஜாக்கிரதையும் வேண்டும். ஆளின் முகம், வீட்டு எண், புகார் கொடுத்தவர் அடையாளம் இதெல்லாம் படத்தில் வரக்கூடாது. ஒரு தெருவைக் காட்டலாமா வேண்டாமா என்று அந்தத் தெரு மக்கள் கூடி முடிவு செய்யட்டும். ஜெர்மன்காரனுக்கு இருக்கிற அந்த உரிமை நமக்கும் உண்டு. எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை நாமே தீர்மானிப்பதுதான் விஷயம். இத்தனை காலம் இரண்டையும் ஊர் தீர்மானித்தது. இப்போது ஊரோடு கம்பெனியும் சேர்ந்திருக்கிறது.

விளையாடுகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. விளையாடுங்கள், தப்பில்லை. உலகம் முழுக்கத் தெரு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லதுதான். மண்ணின் நிறம், எழுத்தின் வடிவம், மரத்தின் பெயர் - நமக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தராத பூகோளம் அது. ஆனால் ஒவ்வொரு தெருவிலும் நின்று இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். இந்த ரோடு எந்த வீட்டோடு நிற்கிறது? இந்தக் கேமரா திரும்பின இடத்துக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? அமெரிக்காவில் கேட்டால் கறுப்பின மக்களின் குடியிருப்பு கிடைக்கும். ஐரோப்பாவில் கேட்டால் ரோமாக்களின் குடியிருப்பு கிடைக்கும். ஜப்பானில் கேட்டால் புராக்கு மக்களின் தெரு கிடைக்கும். எல்லா நாட்டிலும் ஒரு அரை கிலோமீட்டர் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிறவனுக்கு எந்த ஆட்டத்திலும் மார்க் இல்லை.

நம்மிடம் 'எந்தத் தெரு?' என்று இத்தனை நாள் கேட்டார்கள். நாம் தலை குனிந்து முனகினோம், இல்லை பொய் சொன்னோம். இனிமேல் அந்தக் கேள்வியை நாம் திருப்பிக் கேட்போம். உன் தெரு எது? அது யார் நிலத்தில் இருக்கிறது? அதில் எங்கள் பிணம் போக முடியுமா? அதில் எங்கள் பிள்ளை சைக்கிளில் பெல்லடித்துப் போக முடியுமா? பதில் சொல்லிவிட்டு அப்புறம் வரைபடத்தில் புள்ளி வை.